மேற்குச் சுவர் முழுக்கப் பூத்துக் கிடக்கு, அம்மாவுக்கு மூச்சிரைப்பு. டெஸ்ட் கம்பெனியைக் கூப்பிடலாமா? (குலசேகரம் பக்கம்)

மரச்சீனி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டு ஈரம் பத்தி விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

வீடு குலசேகரத்துக்குப் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி. 2014-ல கட்டினது, வார்ப்பு (காங்கிரீட் கூரை) வீடு, மேல ஒரு ரூம் மட்டும். நான் தோஹாவுல இருக்கேன். அம்மாவும் தங்கச்சி குடும்பமும்தான் வீட்டுல. அம்மா படுக்குறது பின்பக்க ரூம். அதுல மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி மர அலமாரி. போன வருஷம் ஆடி மாசம் அலமாரியில இருந்து கெட்ட வாடை வருதுன்னு நகர்த்திப் பார்த்தா, சுவர்ல கறுப்பும் பச்சையுமா புள்ளி புள்ளியா பூத்துக் கிடக்கு. அலமாரியோட பின்பலகை தொட்டா மாவா உதிருது. அம்மா பத்திரமா வச்சிருந்த பட்டுச்சேலை ரெண்டு போச்சு.

பெயிண்டரைக் கூப்பிட்டோம். சுரண்டி, புட்டி வச்சு, ஈரம் தாங்குற பெயிண்டுன்னு ஒண்ணு அடிச்சுக் கொடுத்தார். இந்த வருஷம் மழை தொடங்கின உடனே பெயிண்ட் அப்பளம் மாதிரி பொம்மி வருது, அதுக்கு அடியில பழைய கறுப்பு.

அம்மாவுக்கு ராத்திரியானா மூச்சு இரைக்குது. அந்த ரூம்ல படுத்தாத்தான் ஜாஸ்தி. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க வேற "இதுதான் கொரோனா நேரத்துல வந்த கருப்புப் பூஞ்சை, கண்ணு போயிரும்"னு சொல்லிப் பயமுறுத்தி வச்சிருக்காங்க.

திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனி இருக்கு. மச்சான் போன் பண்ணிக் கேட்டார். தெர்மல் கேமரா வச்சு வீடு முழுக்கப் பார்ப்பாங்களாம். நாலு ரூம்ல காத்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, என்ன பூஞ்சை, எவ்வளவு இருக்குன்னு ரிப்போர்ட் தருவாங்களாம். 18,500 ரூபாய். அவங்ககிட்டயே பூஞ்சை வராத கோட்டிங் அடிச்சா இந்தக் காசைக் கழிச்சிருவாங்களாம். போகலாமா? இல்ல காசைக் கரியாக்குற வேலையா?

குளச்சல்காரன்:

எதுக்கு ப்ரோ இவ்வளவு செலவு. பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு அடிங்க, மேல டெட்டால் போட்டுத் துடைங்க. எங்க வீட்டுல வருஷா வருஷம் அதான் செய்யுறோம்.

தக்கலைக்காரி:

வருஷா வருஷம் செய்ய வேண்டியிருக்குன்னு நீங்களே சொல்லியாச்சு குளச்சல் தம்பி :)

அது கிடக்கட்டும். மூச்சிரைப்பு உள்ள ஆளு படுக்குற ரூம்ல பிளீச்சிங் அடிக்காதீங்க, அந்த நெடியே போதும் இழுப்பு கிளம்ப. கக்கூஸ் கழுவுற ஆசிடோட கலந்து அடிச்சா குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. அதோட, பூச்சுச் சுவர்ல குளோரின் மேலோட நின்னுரும், அதுல உள்ள தண்ணி மட்டும் உள்ளே இறங்கும். பூசணத்துக்கு அது ஒரு வாய் தண்ணி ஊத்தினதுதான்.

மரச்சீனி தம்பிக்கு. நான் சிவில் டிப்ளமா. முதல்ல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட சைட் சூப்பர்வைசர், இப்போ வீட்டு ஈரம் பார்க்குறதுதான் தொழில். களியக்காவிளையில இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் போவேன். ஆரல்வாய்மொழிக்குப் போறது ரொம்ப அபூர்வம், அங்க அடிக்குற காத்துக்கு எந்தச் சுவரும் தானா காஞ்சிரும். மேற்க திருவட்டார், அருமனை, குலசேகரம்தான் எனக்குச் சோறு போடுற ஊருங்க. விளம்பரம்னு நினைக்க வேண்டாம், ஆடி முடியிற வரைக்கும் எனக்கு ஒரு நாள்கூட ஒழிவில்ல.

முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க: கொரோனா சமயம், 2021-ல, ஆளைக் கொன்ன கருப்புப் பூஞ்சை வேற இனம். அது சர்க்கரை ஏறினவங்க, ஸ்டீராய்டு எடுத்தவங்க உடம்புல போய்ப் பத்தினது. சுவர்ல கறுப்பாத் தெரியுறது அது இல்ல. ஆனா ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவங்களுக்கு ஈரமும் பூசணமும் மூச்சிரைப்பைக் கிளப்பும், அதுல சந்தேகம் வேண்டாம். அதனால இன்னைக்கு ராத்திரியே அம்மாவை வேற ரூமுக்கு மாத்துங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க. சுவரைப் பொறவு பார்க்கலாம்.

இனி அந்த 18,500. இதுல காத்து சாம்பிளுக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க. கண்ணுக்குப் பூசணம் தெரியுற வீட்டுல சாம்பிள் எடுக்கவே பெரும்பாலும் தேவையில்லைன்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் முகமையே எழுதி வச்சிருக்கு. காத்துல இவ்வளவு பூசண வித்து வரைக்கும் பரவாயில்லைன்னு அந்த நாட்டு அரசாங்கம் ஒரு எல்லையும் வகுக்கல. உலக சுகாதார அமைப்பு 2009-ல வீட்டு ஈரம், பூஞ்சை பத்தி வெளியிட்ட வழிகாட்டியிலும் அப்படி ஒரு எண் கிடையாது. எல்லைக் கோடே இல்லாத இடத்துல லேப்காரன் சிவப்பு மையில "அதிகம்"னு எழுதினா எதை வச்சு எழுதுறான்?

அப்படியே எடுத்தாலும் வெளியே முற்றத்துல ஒரு சாம்பிள் எடுத்து உள்ளே உள்ளதோட ஒப்பிடணும். உங்க வீட்டைச் சுத்தி ரப்பர் தோட்டம். சருகு நனைஞ்சு அழுகிக் கிடக்குற காலத்துல வெளிக்காத்துலயே வித்து அள்ளும். நீங்க சொன்ன நாலு ரூம்ல முற்றம் இல்ல பாருங்க.

கருங்கல் பக்கம் ஒரு வீட்டுல இப்படி எடுத்த ரிப்போர்ட்டைக் கையில கொடுத்தாங்க. வழவழ தாள், கலர் கலரா கட்டம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம்னு பெயர்கள். சுவர் எதனால நனையுதுன்னு ஒரு வரி கிடையாது. நான் மேல் ரூம் ஏசியோட தண்ணிக் குழாயைப் பின்தொடர்ந்து போனேன். அது சன்ஷேடுக்கு மேல முடிஞ்சு, அங்கிருந்து சுவரோட விரிசலுக்குள்ள இறங்கிக்கிட்டு இருந்துது. ரெண்டு அடி பிவிசி குழாயும் ஒரு எல்போவும் வாங்கி நீட்டி விட்டோம், அதோட சரி. பூசணத்தோட பெயர் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? எந்தப் பூசணமா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான், தண்ணியை நிறுத்தி, இடத்தைக் காய விட்டு, கெட்டதை எடுத்து வெளியே போடணும்.

தெர்மல் கேமரா நல்ல சாமான்தான், எங்கிட்டயும் போன்ல மாட்டுற சின்னது ஒண்ணு இருக்கு. ஆனா அது ஈரத்தைப் பார்க்காது, சூட்டைத்தான் பார்க்கும். ஈரமான சுவர் ஆவியாகும்போது குளிருறதால நீலமாத் தெரியும். ஏசி காத்து படுற இடமும் நீலமாத்தான் தெரியும். அதைவிட முக்கியம், விடாம மழை பெய்யுற நாள்ல காத்துலயே ஈரம் நிறைஞ்சு நிக்கிறதால சுவர் ஆவியே ஆகாது. அன்னைக்கு நனைஞ்ச சுவரும் காஞ்ச சுவரும் கேமராவுல ஒரே நிறம். அதனால கேமராவுல தெரிஞ்ச ஒவ்வொரு இடத்துலயும் ஊசி மீட்டர் (ரெண்டு ஊசியைக் குத்தி ஈரம் பார்க்குற கருவி) வச்சு உறுதி பண்ணாம போறவன் படம் எடுக்க வந்தவன்.

கடைசியா அந்தத் தள்ளுபடி. சோதிக்கிறவனே மருந்தும் விக்கிறான், அதான் வில்லங்கம். டெக்சாஸ், புளோரிடா மாநிலங்கள்ல, ஒரு வீட்டைச் சோதிச்சவர் அதே வேலையில பூசணம் எடுக்குற கான்ட்ராக்டை எடுக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டு வச்சிருக்கான். நம்ம ஊர்ல அந்தச் சட்டம் இல்ல, நாமதான் பார்த்துக்கணும். கோட்டிங் விக்க வந்தவனுக்கு எந்தச் சுவரைப் பார்த்தாலும் கோட்டிங் இல்லாத குறைதான் தெரியும்.

சரி, ஒழுங்கா ஈரம் பார்க்க வந்த ஆளு என்ன செய்யணும்? நேரா பூத்த சுவருக்குப் போகக் கூடாது. நான் முதல்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டை வெளியே சுத்துவேன், மழையில போறதுதான் நல்லது. எந்தச் சுவர்ல சாரல் அடிக்குது, சன்ஷேடுக்கு அடியில தண்ணி சொட்டாம உள்நோக்கி ஓடுதா, மாடித் தண்ணி இறங்குற குழாய் எங்க கொட்டுது, செப்டிக் டேங்க் எங்க இருக்கு, சுவரோரம் வாழை நிக்கா. நம்ம மாவட்டத்துல இது ரொம்ப முக்கியம், ஏன்னா நமக்கு ரெண்டு மழை. ஆனி ஆடியில மேற்கும் தென்மேற்கும் நனையும். ஐப்பசி கார்த்திகையில மற்றப் பக்கம். எந்த மாசம் எந்தச் சுவர் பூக்குதுன்னு வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டாலே பாதிக் கதை தெரிஞ்சிரும். கேமரா வச்சிருக்குறவன் அதைக் கேக்க மாட்டான்.

பொறவு மாடி. கைப்பிடிச் சுவர் வார்ப்போட சேருற மூலை, தண்ணி போற ஓட்டையில சருகு அடைச்சிருக்கா, பின்னால கட்டின ரூம் பழைய வார்ப்போட சேருற இடம். அதுக்கப்புறம்தான் உள்ளே.

உள்ளே ஊசி மீட்டர். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த மீட்டர்ல உள்ள சதவீதம் மரத்துக்குப் போட்ட அளவு. மரத்துல 20-க்கு மேல காட்டினா உளுத்துப் போகும்னு அர்த்தம். சிமெண்ட் பூச்சுல குத்தினா வர்ற எண் அசல் சதவீதம் இல்ல, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். அதனால முதல்ல வீட்டுக்கு நடுவுல உள்ள, வெளிச்சுவரோட சேராத, காஞ்ச சுவர்ல ஒரு அளவு எடுத்து வச்சுக்குவேன். அப்புறம் பூத்த சுவர்ல தரையில இருந்து மேல அடிக்கு ஒண்ணா குத்திக்கிட்டே போவேன். அடியில அதிகமா இருந்து மேல போகப் போகக் குறைஞ்சா தண்ணி தரையில இருந்து ஏறுது. உச்சியில அதிகம்னா மாடி. நடுவுல ஒரு திட்டு மட்டும்னா உள்ளே போற பைப் அல்லது வெளிச்சுவர் விரிசல். மேல் தோல்ல மட்டும் ஈரம், உள்ளே காஞ்சிருக்குன்னா சுவர் வேர்க்குது.

தம்பி, நீங்க ஊருக்கு வர வேண்டிய அவசியமே இல்ல. மச்சானை விட்டு இதைச் செய்யச் சொல்லுங்க. ஆயிரம், ரெண்டாயிரத்துக்குள்ள ஊசி மீட்டர் ஆன்லைன்ல கிடைக்கும், சில நூறு ரூபாய்க்குக் காத்து ஈரம் காட்டுற சின்னக் கடிகாரம் மாதிரி ஒண்ணும் கிடைக்கும். அலமாரியை எடுத்துட்டு, ஈரத்தைத் துடைச்சுட்டு, அலுமினியத் தாளை ஒரு முழத்துக்கு வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடணும். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவருக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் நின்னா ரூம் காத்துல இருந்து வருது.

அப்புறம் ரெண்டு கேள்வி. வீட்டுக்கு வெளியே முற்றத்துல இன்டர்லாக் கல்லு போட்டிருக்கீங்களா? வாசல்ல ஏறுற படி, வீடு கட்டினப்போ எத்தனை, இப்போ எத்தனை?

பெயிண்ட் அண்ணாச்சி:

அக்கா எழுதுறது எல்லாம் சரி. ஆனா எல்லாத்துலயும் கடைசியில பெயிண்டர் தலைதான் உருளுது. முப்பது வருஷமா மார்த்தாண்டத்துல பிரஷ் பிடிக்கேன். "சுவர்ல ஈரம் இருக்கு, இப்ப அடிக்கக் கூடாது"ன்னு சொன்னா வீட்டுக்காரர் என்ன சொல்லுவார் தெரியுமா? "அடுத்த வாரம் பால் காய்ச்சு, உமக்கு முடியலன்னா வேற ஆளைப் பார்க்கேன்." வேற ஆளு வந்து அடிச்சிட்டுப் போயிருவான். பழி மட்டும் மொத்தப் பெயிண்டருக்கும்.

தக்கலைக்காரி:

அண்ணாச்சி, உங்களைச் சொல்லல. மழைக்காலத்துல பால் காய்ச்சுக்கு அவசரப்படுற வீட்டுக்காரங்களைப் பத்தி நான் ஒரு தனித் திரியே திறக்கலாம். ஆனா உள்பக்கம் ஈரம் தாங்குற பெயிண்ட் அடிக்குறதுல ஒரு சங்கடம் உண்டு, அது உங்களுக்கே தெரியும். தண்ணி பின்னால இருந்து வருது. வெளியேற வழியை முன்னால அடைச்சா அது இன்னும் ஒரு அடி மேல ஏறி அங்க வெளியே வரும்.

வெயில்_வேணும்:

இடையில நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன். நாங்க நாகர்கோவில்ல. ஏசி ரூம்ல மட்டும் மேல் மூலையில கறுப்பா வருது. யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். திறந்து வச்சா இன்னும் மோசமாகுது. டைல்ஸ் தரையும் காலையில வேர்த்து வழுக்குது.

தக்கலைக்காரி:

அவர் ஊருக்கு அது சரி. குளிர் நாட்டுல வெளிக்காத்துல ஈரம் குறைவு, வீட்டுக்குள்ள சமையல், குளியல்னு உண்டாகுற ஈரம்தான் குளிர்ந்த சுவர்ல படியும். அதனால ஜன்னலைத் திறந்தா அவங்களுக்கு வீடு காயும். நமக்கு மழைக்காலத்துல ஈரமே வெளியேதான் இருக்கு. வெளியே 30 டிகிரி, காத்து ஈரம் 80 சதவீதம்னு வச்சுக்கோங்க. அந்தக் காத்து 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணியாகப் படியும். நீங்க ராத்திரி முழுக்க 22-ல ஏசி வச்சு, காலையில எழுந்து ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தா, உள்ளே வர்ற காத்து உங்க குளிர்ந்த சுவர்லயும் தரையிலயும் வேர்க்காம என்ன செய்யும்?

26, 27-ல வச்சு மின்விசிறி போடுங்க. நிறுத்தின பொறவு ஒரு மணி நேரமாவது கழிச்சுத் திறங்க, வெயில் இருக்குற நேரமாப் பார்த்துத் திறங்க. நனைஞ்ச துணியை உள்ளே காயப் போடாதீங்க, அந்தத் தண்ணி முழுக்க ரூம் காத்துக்குத்தான் போகும். வீட்டுக்குள்ள காத்து ஈரம் 60-க்குக் கீழே இருந்தா பூசணம் தலை தூக்காது. மழைக்காலத்துல நம்ம பக்கம் சும்மா அது வராது, ஏசியில டிரை மோடு வச்சுத்தான் கொண்டு வரணும். மூலைக் கறுப்பைச் சோப்புத் தண்ணியில துணியை நனைச்சுத் துடைங்க. காஞ்ச பிரஷ் வச்சுத் தேய்ச்சா தூசியாப் பறக்கும். என்95 மாஸ்க் போட்டு, விசிறியை நிறுத்திட்டுச் செய்யுங்க.

குளச்சல்காரன்:

அக்கா, முதல்ல கிண்டல் பண்ணிட்டு எனக்குப் பதில் சொல்லாம விட்டுட்டீங்க. எங்க வீடு கடல்ல இருந்து நடக்குற தூரம். அப்பா கட்டின வீடு. மீட்டர் வாங்கி வச்சுப் பார்த்தா கோடை காலத்துலயும் கூவுது. சுவர்ல வெள்ளையா பஞ்சு மாதிரி வருது. அதுவும் பூசணமா?

தக்கலைக்காரி:

கிண்டல் இல்ல தம்பி, சும்மா. அந்த வெள்ளைப் பஞ்சு மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. கரைஞ்சு காணாம போனா உப்பு. பூசணம் கரையாது. விரல்ல நசுக்கினா உப்பு பொடியாகும், பூசணம் இழுவும்.

எனக்கு உப்புன்னுதான் படுது. கடலோரத்துப் பழைய வீடுகள்ல கடல் மணலைக் கழுவாமப் பூச்சுக்குக் கலந்திருந்தா, அந்த உப்பு காத்துல உள்ள ஈரத்தையே இழுத்து வச்சுக்கும். மீட்டர் கூவுறதுக்கும் அதுதான் காரணம்: ஊசி மீட்டர் மின்சாரம் எவ்வளவு எளிதாப் பாயுதுன்னு பார்த்துத்தான் எண் காட்டுது, உப்பு இருந்தா தண்ணி கொஞ்சமா இருந்தாலும் அள்ளிக் காட்டும். உப்புச் சுவர்ல மீட்டரை நம்பிக் காசு செலவழிக்காதீங்க. சுவர்ல துளை போட்டு வர்ற தூளைக் கால்சியம் கார்பைடோட மூடின குப்பியில குலுக்கி, வர்ற வாயு அழுத்தத்தை வச்சு அளக்குற கருவி ஒண்ணு உண்டு. அதை உப்பு ஏமாத்தாது. அந்தக் குப்பி வச்சிருக்குற ஆளைத் தேடிப் பிடிங்க.

பூச்சை செங்கல் தெரியுற வரைக்கும் கொத்திட்டு, நல்ல மணல்ல பூசுறதுதான் வழி. பிளீச்சிங்குக்கு அங்க வேலையே இல்ல.

மரச்சீனி:

தக்கலை அக்கா, மச்சான் எல்லாம் செஞ்சு பார்த்துட்டார்.

படி கேள்வி கேட்டீங்களே, அதைப் படிச்சதும் அம்மாகிட்ட கேட்டேன். வீடு கட்டினப்போ முன்வாசல்ல மூணு படி. இப்போ ரெண்டுதான் வெளியே தெரியுது. 2021-ல தங்கச்சி கல்யாணத்துக்கு முற்றம் முழுக்க மண்ணு அடிச்சு இன்டர்லாக் போட்டோம், அதுல ஒரு படி முங்கிப் போச்சு. பின்பக்கம் மேற்குச் சுவர் வரைக்கும் போட்டிருக்கு. மழை பெய்யும்போது மச்சான் நின்னு பார்த்தார், தண்ணி சுவர்ப் பக்கம்தான் ஓடி வந்து நிக்குதாம். கறுப்பு வந்தது கல்யாணத்துக்குப் பொறவுதான்னு அம்மாவும் சொல்றாங்க.

மீட்டர்: ஹால் நடுச்சுவர் 11. மேற்குச் சுவர்ல தரையில இருந்து அரை அடியில 34, ரெண்டு அடியில 29, மூணு அடியில 19, அஞ்சு அடியில 12. மேல வார்ப்பு ஓரம் 11. அலுமினியத் தாள் ஒரு அடி உயரத்துல ஒட்டினதுல உள்பக்கம் நல்லா தண்ணி. அஞ்சு அடியில ஒட்டினது காஞ்சு கிடக்கு. ரூம் காத்து ஈரம் காலையில 82.

அம்மா இப்போ முன் ரூம்ல படுக்காங்க. டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கார். ராத்திரி கொஞ்சம் பரவாயில்ல.

இன்டர்லாக் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டா, "அது தண்ணி இறங்குற கல்லு, அதனால சுவர் நனையாது"ன்னு சாதிக்கார்.

தக்கலைக்காரி:

தண்ணி இறங்குற கல்லா? சரி. இறங்கின தண்ணி எங்க போகுதுன்னு அவர்கிட்டயே கேளுங்க.

இந்த எண்ணைப் பார்த்தா வேற எதுவும் தேட வேண்டியதில்ல. அடியில 34, மேல போகப் போக 12. தரையில இருந்து ஏறுது. உங்க வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு மேல பெல்ட் காங்கிரீட் (செங்கலுக்கு அடியில வீட்டைச் சுத்தி வார்க்குற காங்கிரீட் பட்டை) இருக்கும், மண்ணு ஈரம் செங்கலுக்கு ஏறாமத் தடுக்குறதுல அதுக்கும் பங்கு உண்டு. அது வெளியே தரைக்கு மேல நின்னாத்தான் உதவும். நீங்க மண்ணு அடிச்சு அதுக்கு மேல இன்டர்லாக் போட்டதுல பெல்ட் உள்ளே முங்கிப் போச்சு. இப்போ நனைஞ்ச மண்ணு நேரா செங்கலைத் தொட்டுக்கிட்டு நிக்கு. மார்த்தாண்டத்துல இருந்து குலசேகரம் வரைக்கும் புது முற்றம் போட்ட வீடுகள்ல நான் அடிக்கடி பார்க்குறது இதுதான், ஆனா எந்தக் கோட்டிங் கம்பெனி ரிப்போர்ட்லயும் "இன்டர்லாக்"னு ஒரு சொல்லை நான் பார்த்தது கிடையாது.

மேற்குச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு இன்டர்லாக்கைப் பெயர்க்கச் சொல்லுங்க. கல்லை உடைக்க வேண்டாம், எடுத்து அடுக்கி வைக்கலாம். பெல்ட்டு வெளியே தெரிஞ்சு, அதுக்குக் கீழேயும் அரை அடி மண்ணு எடுக்கணும். அந்த இடத்துல வெளிப்பூச்சு பெல்ட்டைத் தாண்டி மண்ணுக்குள்ள இறங்கியிருந்தா அதையும் கொத்தி எடுங்க, அதுவும் ஒரு திரி மாதிரி தண்ணியை மேல ஏத்தும். குழியில ஓட்டை போட்ட பிவிசி பைப் ஒண்ணு, ரப்பர் தோட்டத்துப் பக்கம் சரிவா. மேல முக்கால் இஞ்சு மெட்டல் (கருங்கல் ஜல்லி) போட்டு நிரப்பி, பெல்ட்டு தெரியுற அளவுக்கு நிறுத்துங்க. மீதி முற்றத்துக் கல்லைச் சுவர்ல இருந்து வெளிய போற மாதிரி சரிவு மாத்தணும். ஒரு கொத்தனாரும் ரெண்டு கையாளும் போதும். மழை விட்டு நாலு நாள் வெயில் கிடைச்சா ஆரம்பிச்சிரலாம்.

உள்ளே அந்தப் புட்டியையும் பெயிண்டையும் நாலு அடி உயரம் வரைக்கும் சுரண்டி எடுத்திருங்க, சுவர் மூச்சு விடட்டும். சுரண்டுறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சுக்கணும், ரூம் கதவைச் சாத்திக்கணும், மாஸ்க் போட்டுக்கணும், அந்த நேரம் அம்மா வீட்டுலயே இருக்க வேண்டாம். அலமாரியோட பின்பலகையைக் காப்பாத்தப் பார்க்காதீங்க, எரிச்சிருங்க. பலகை உளுத்த பொறவு பூசணம் அதுக்குள்ளேயே இருக்கும், துடைச்சா போகாது. மரச்சட்டம் நல்லா இருந்தா வேற பலகை அடிச்சு, சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க, எந்தக் காலத்துலயும் வெளிச்சுவரோட ஒட்டி வைக்காதீங்க.

ஒரு விஷயம் கேக்க மறந்துட்டேன். அந்தப் பின் ரூம்ல ரப்பர் ஷீட் அடுக்கி வச்சிருக்கீங்களா?

மரச்சீனி:

எப்படி அக்கா தெரியும்?! ரூமுக்கு வெளியே சின்ன வராந்தாவுல கயிறு கட்டிக் காயப் போடுவோம். மழைன்னா உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில.

தக்கலைக்காரி:

82 பார்த்து ஊகிச்சேன். காயாத ஷீட்டுல நிறைய தண்ணி இருக்கு, அது பூத்தா கிரேடு இறங்கி உங்களுக்கு விலையும் போகும், அந்த வித்து ரூம்லயும் பறக்கும். ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்குற கூடம் வச்சிருக்குற பக்கத்து ஆளுக கிட்ட கொடுத்துருங்க, இல்ல ஷெட்டுக்கு மாத்துங்க. வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்.

சுவர் உடனே காயாது, அவசரப்படாதீங்க. ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு, உங்களது ஒம்பது அங்குலச் சுவர். ரெண்டு பக்கமும் திறந்து கிடந்தாலும் ஐப்பசி மழை வேற குறுக்க வரும். மாசிக்கு முன்னால பெயிண்ட் பத்தி நினைக்காதீங்க.

பெயிண்ட் அண்ணாச்சி:

தம்பி, மாசியில என்னைக் கூப்பிடுங்க, மார்த்தாண்டத்துல இருந்து குலசேகரம் ஒண்ணும் தூரமில்ல. அக்கா, ஒரு சந்தேகம். மீட்டர்ல எவ்வளவு வந்தா நான் பிரைமர் எடுக்கலாம்? ஒரு எண்ணு சொன்னா வீட்டுக்காரங்ககிட்ட காட்டிப் பேச எனக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

தக்கலைக்காரி:

எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணு கிடையாது அண்ணாச்சி. அந்த வீட்டு ஹால் சுவர் 11 காட்டுது, அதுதான் அந்த வீட்டோட காஞ்ச அளவு. மேற்குச் சுவர் அரை அடி உயரத்துல 13, 14-க்கு இறங்கணும். இறங்கினதும் உடனே எடுக்காதீங்க, ரெண்டு வாரம் விட்டு மறுபடி குத்திப் பாருங்க, ஏறாம நின்னா எடுங்க. உப்பு பூத்திருந்தா தண்ணி ஊத்தாம பிரஷ்ல தட்டி எடுத்துட்டு அப்புறம் குத்துங்க, இல்லேன்னா எண்ணு ஏமாத்தும். உள்பக்கத்துக்குச் சுண்ணாம்பு சேர்ந்த பூச்சும் வெள்ளையும் அடிச்சா ரொம்ப நல்லது. எமல்ஷன்தான் வேணும்னு அம்மா அடம் பிடிச்சா சாதா மேட் எமல்ஷன், புட்டி இல்லாம. பளபளன்னு இருக்குற எதுவும் அந்தச் சுவர்ல வேண்டாம்.